பென்சிலைத் தூக்கி எறிகிறானா?

மூன்றரை வயதுப் பையனை வீட்டிலேயே படிக்கவைக்க தினமும் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கிறேன், பென்சிலை எறிகிறான் என்கிறீர்கள். நானாக இருந்தாலும் எறிந்திருப்பேன்! 15 நிமிடம் போதுங்க. பென்சில் கொஞ்ச நாள் வேண்டாம், விரலுக்கு இன்னும் வலு வந்திருக்காது. சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும். அப்புறம் தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதவிடுங்கள். 'அ' சுழித்து வருகிற எழுத்து, கஷ்டம். ட, ப இரண்டும் நேர்கோடுதான், அதில் தொடங்குங்கள். எண்ணுவதற்குப் பல்லாங்குழி: 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை. (பையன் கொட்டையை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.) என் மகள் எண்ணப் பழகியது அதில்தான்.

இந்த வயதில் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது சட்டப்படி தப்பா என்று கேட்டிருந்தீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டாயக் கல்வி 6 முதல் 14 வயது வரைக்குத்தான். மாமியார் கேட்டால் அதையே சொல்லிவிடுங்கள்.