சித்தப்பாவின் கணக்கு

வணக்கம் ஐயா,

ஹாங்காங் பற்றிய குறிப்பில் செட்டோ வாவைப் பெரிய ஜனநாயகவாதி என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு தயக்கம். 2010இல் அவருடைய ஜனநாயகக் கட்சிதானே பெய்ஜிங்கின் ஆட்களோடு மூடிய அறையில் பேசி, அரைகுறைச் சீர்திருத்தத்துக்குக் கைதூக்கியது? அவரும் ஆதரித்தாரே. கடைசியில் எல்லாமே போய்விட்டது. நானும் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவள். எங்கள் தலைவர்கள் இப்படிப் பேசிவிட்டு வந்தால் விலைபோய்விட்டார்கள் என்றுதான் சொல்வோம்.

எஸ்., ஆசிரியை

அன்புள்ள எஸ்.,

ஹாங்காங்கிலேயே அப்படிச் சொன்னார்கள். புற்றுநோய் மூளைக்கு ஏறிவிட்டது என்றுகூட ஜனநாயகவாதிகளின் தீவிர அணியில் பேசினார்கள். அவருக்கு வந்திருந்தது நுரையீரல் புற்றுநோய். ஊரே ‘வா சித்தப்பா’ என்று கூப்பிட்ட மனிதர். (ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று எழுதுகிறார்கள். சீனச் சொல்லுக்கு அப்பாவின் தம்பி என்று பொருள். நமக்கு அதற்குச் சொல் இருக்கிறது.)

நீங்கள் சங்கத்துக்காரர், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவர் க்வுன் டோங்கில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். 1973இல் சான்றிதழ் ஆசிரியர்களின் (பட்டம் இல்லாமல் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வேலைக்கு வந்தவர்கள்) சம்பளத்தில் பிரிட்டிஷ் காலனி அரசு கைவைத்தபோது வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றார். அதிலிருந்து பிறந்த சங்கத்தில் பின்னாளில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் உறுப்பினர்கள். 1985இல் சட்டமன்றத்துக்கு மறைமுகத் தேர்தல் வந்ததும், ஆசிரியர்கள் மட்டும் வாக்களிக்கும் தொழில்வாரித் தொகுதி வழியாக உள்ளே போனார். தொழில்வாரித் தொகுதி என்பதே ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதற்குக் குறுக்கே நிற்கும் ஏற்பாடு. இருந்தும் அந்தக் கதவுதான் திறந்திருந்தது. 1991இல் முதல் நேரடித் தேர்தல் வந்தபோது மக்களிடமே போய் ஜெயித்தார். கிடைப்பதை வாங்கி வைத்துக்கொண்டு மீதிக்குச் சண்டை போடுவது அவருடைய பழைய வழக்கம்.

2010இல் பேசப்பட்டது என்ன? சட்டமன்றத்தை 60 இடங்களிலிருந்து 70 ஆக்குவது. புதிய பத்தில் ஐந்து நேரடித் தேர்தலுக்கு. மற்ற ஐந்து வட்டார மன்ற (நம் உள்ளாட்சி மன்றம் போன்றது) உறுப்பினர்களுக்கான தொழில்வாரி இடங்கள். அந்த ஐந்தை வட்டார மன்றத்தினர் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுப்பது அரசின் திட்டம். வேறு தொழில்வாரி வாக்கில்லாத எல்லா வாக்காளர்களும் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஜனநாயகக் கட்சி மாற்ற வைத்தது. 2005இல் வந்த திட்டத்தை ஜனநாயகவாதிகள் மொத்தமாகத் தோற்கடித்திருந்தார்கள். ஐந்து வருடம் எதுவும் அசையவில்லை. அந்த நினைவு அவருக்கு இருந்திருக்கும்.

பலன் 2016இல் தெரிந்தது. அந்த இடங்களில் ஒன்றுக்கு நின்ற ராய் க்வோங், யுவென் லோங்கின் வட்டார மன்ற உறுப்பினர், காதல் நாவலாசிரியரும்கூட, 4,91,667 வாக்குகள் வாங்கினார். 2021இல் பெய்ஜிங் தேர்தல் முறையைத் திருத்தி எழுதியபோது அந்த ஐந்து இடங்களையும் துடைத்துவிட்டது. நேரடித் தேர்தல் இடங்களும் 35இலிருந்து 20 ஆயின. வெறும் எலும்புத்துண்டாக இருந்திருந்தால் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை.

மூடிய அறை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். பேச்சு முடிந்து கை தூக்கும் நேரத்தில் வந்து சொன்னால் வாக்காளனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். 2012 தேர்தலில் கட்சி ஆறு இடங்களுக்குச் சுருங்கியது, தலைவர் ஆல்பர்ட் ஹோ பதவி விலகினார். அது கிடைக்க வேண்டிய அடிதான்.

ஆனால் ‘விலைபோனார்’ என்பது வேறு. இளமையில் ஹொக் யாவ் கழகம் என்ற இடதுசாரி மாணவர் அமைப்பில் இருந்து மனம் கசந்து வெளியே வந்தவர். கம்யூனிஸ்டுகள் ஒரு சங்கத்துக்குள் எப்படி நுழைவார்கள், எப்படிக் கைப்பற்றுவார்கள் என்பது அவருக்குப் பாடமாகத் தெரியும். சீனாவின் கைக்குப் போன பிறகு ஹாங்காங்குக்கு அரசியல் சாசனம் போல இருக்க வேண்டிய அடிப்படைச் சட்டத்தின் வரைவுக்குழுவில் இன்னொரு ஜனநாயகவாதியான மார்ட்டின் லீயோடு உட்கார்ந்திருந்தவர், 1989 ஜூன் 4 அன்று பெய்ஜிங்கில் தியனன்மென் போராட்டக்காரர்கள் சுடப்பட்ட பிறகு அதை உதறினார். அவர்களின் நினைவாக விக்டோரியா பூங்காவில் வருடா வருடம் மெழுகுவத்தி ஏற்றிய ஹாங்காங் கூட்டணி என்ற அமைப்பைக் கடைசிவரை தலைமையேற்று நடத்தினார்.

2011 ஜனவரி 2ஆம் தேதி இறந்தார். தியனன்மென் மாணவர் தலைவர் வாங் டான் இறுதிச் சடங்குக்கு வர அனுமதி கேட்டார். ஹாங்காங் அரசு மறுத்துவிட்டது. பெய்ஜிங்குக்கு விலைபோன ஒருவரின் சாவுக்கு அவ்வளவு பயம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.