மூன்று வருடம் பெட்டியில் கிடந்த ராக்கெட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் இருந்தபோது அமெரிக்கன் ராக்கெட்ரி சேலஞ்ச் போட்டிக்காக முட்டையை ஏற்றி இறக்கும் ராக்கெட்டுகள் செய்தோம். மோட்டார்களின் ஆற்றலை ஆங்கில எழுத்து வரிசையில் ஏறுமுகமாகக் குறிப்பார்கள்; நாங்கள் எஃப் மோட்டாருக்கு மேல் போனதில்லை. பள்ளி முடிவதற்கு முன்பே 4 அங்குல அட்டைக் குழாயில், பிளைவுட் ஃபின் வைத்த ஒரு பெரிய ராக்கெட்டைக் கட்டி முடித்தேன். அதைப் பறக்கவிடவே இல்லை. மூன்று வருடமாக வீட்டுக் கராஜில் கிடக்கிறது.

இப்போது மறுபடியும் ஆசை வந்திருக்கிறது. கல்லூரியில் ஒரு ராக்கெட் குழு இருக்கிறது. அதில் சேர்ந்தால் போதுமா, பெரிய மோட்டார்களைப் பறக்கவிடத் தேவையான சான்றிதழைத் தனியாக எடுக்க வேண்டுமா? பழைய ராக்கெட்டையே சான்றிதழின் முதல் நிலையான லெவல் 1-க்குப் பயன்படுத்தலாமா? ஒரே செமஸ்டரில் லெவல் 2 வரை போய்விட முடியுமா? ஹாஸ்டல் அறையில் என்னென்ன வைத்துக்கொள்ளலாம்? மோட்டார் பொருத்தி எடைபோட்டால் 1.8 கிலோ வரும். மோட்டார் குழாய் 38 மில்லிமீட்டர்.

அன்புடன்,
ஒரு மாணவ வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு என் பதில்: குழுவில் சேருங்கள், சான்றிதழைத் தனியாக எடுங்கள். கல்லூரிக் குழுக்கள் பெரிய இலக்கோடு இயங்குபவை. நாசாவின் மாணவர் போட்டியில் 4,000 முதல் 6,000 அடி, ஐரெக் என்னும் கல்லூரிக் குழுக்களின் போட்டியில் 10,000 அடியோ அதற்கு மேலோ. அவ்வளவு பெரிய ராக்கெட்டில் புதிதாக வருபவருக்கு ஏதோ ஒரு பாகம்தான் கைக்கு வரும். ஒருவர் வருடம் முழுக்க ஃபின் அச்சு மட்டும் செய்துகொண்டிருப்பார். சிறிய ராக்கெட் என்றாலும் குழாய் வெட்டுவதிலிருந்து வயலில் தேடி எடுத்து வருவது வரை ஒரே ஆள் செய்யும்போதுதான் ஒரு பாகம் இன்னொன்றை எப்படிக் கெடுக்கிறது என்பது புரியும். இங்குள்ள ராக்கெட் ஆர்வலர் அமைப்புகளான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரியும் சரி, டிரிப்போலியும் சரி, சான்றிதழைத் தனிமனிதருக்குத்தான் தருகின்றன, குழுவுக்கு அல்ல. கட்டியவரே பறக்கவிட வேண்டும். முழுச் சான்றிதழுக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். அட்டை செல்லுபடியாக உறுப்பினர் சந்தாவும் நடப்பில் இருக்க வேண்டும்.

லெவல் 1 என்பது எச், ஐ வகை மோட்டார்கள்: மொத்த உந்துதல் 160 நியூட்டன்-விநாடிக்கு மேல், 640 வரை. லெவல் 2-க்கு எழுத்துத் தேர்வு உண்டு. அதில் தேறியபின் ஜே, கே, எல் ஆகிய மூன்றில் ஒன்றைப் பறக்கவிட வேண்டும். உச்ச அளவு 5,120. உங்கள் ராக்கெட் 1.8 கிலோ என்பதால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிப்படி 1,500 கிராமுக்கு மேல் எடையுள்ள ராக்கெட், வான்வெளி அனுமதி தேவைப்படாத முதல் வகுப்பில் சேராது. சின்ன ஜி மோட்டாரைப் போட்டாலும் பூங்காவில் வைத்து 'ஒரு ஒத்திகை' பார்க்க முடியாது. வான்வெளி அனுமதி வாங்கிய கிளப் லாஞ்சுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பழைய ராக்கெட்டையே பயன்படுத்தலாம். சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடிக்கிறது. அட்டையும் பிளைவுட்டும் லெவல் 1-க்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது மூன்று வருடம் கோடையும் குளிரும் பட்ட அட்டை என்பதை மனதில் வைத்து, நுனியிலிருந்து அடிவரை ஒருமுறை பாருங்கள்.

மூக்குக் கூம்பில் தொடங்குங்கள். கூம்பை மட்டும் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் உடல் தொங்க வேண்டும். லேசாக உலுக்கினால் கழன்று விழ வேண்டும். ஈரத்தில் அட்டை உப்பியிருந்தால் கூம்பு இறுகி நிற்கும். அப்படியே விட்டால் உச்சியில் பாராசூட்டை வெளியே தள்ளும் மருந்து வெடித்தாலும் அது வெளியே வராது. தளர்ந்திருந்தால் வேறு ஆபத்து: மோட்டார் அணைந்த கணத்தில் ஃபின்கள் இருக்கும் உடலைக் காற்று அதிகமாகப் பிடித்து இழுக்கும், கூம்போ அதே வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். ராக்கெட் இரண்டாகப் பிரிந்து, பாராசூட் முழு வேகத்தில் வெளியே வந்து கிழியும். இறுக்கமானால் உப்புத்தாள், தளர்வானால் மாஸ்கிங் டேப். இதை லாஞ்ச் நாள் காலையில் வயலில் நின்று மறுபடியும் பார்க்க வேண்டும். வீட்டில் சரியாக இருந்தது அங்கே மாறியிருக்கும். பாராசூட் இருக்கும் அறையில் 1/8 அங்குலத் துளை ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே போகப்போக வெளிக்காற்றழுத்தம் குறையும். உள்ளே அடைபட்ட காற்றுக்கு வழி இல்லாவிட்டால் அதுவே கூம்பைத் தள்ளிவிடும்.

அடுத்து, கூம்பையும் உடலையும் பாராசூட்டோடு இணைக்கும் கயிறு. எலாஸ்டிக் கயிறாக இருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், ரப்பர் இதற்குள் செத்திருக்கும். ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு நீளத்தில் கெவ்லார் கயிறோ பட்டையான நைலானோ போடுங்கள். மடித்தே கிடந்த பாராசூட்டை விரித்து ஓர் இரவு தொங்கவிடுங்கள், மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நூலையும் அது தைக்கப்பட்ட இடத்தில் இழுத்துப் பாருங்கள். ஃபின்களைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். 'கிறுக்' என்று சத்தம் வந்தால் எபாக்ஸிப் பசை உள்ளே விட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கிவிட்டுப் புது எபாக்ஸி போட வேண்டும். பழசின் மேலே பூசினால் பிடிக்காது.

மோட்டாரைப் பிடித்து வைக்கும் அமைப்பை யாரும் மதிப்பதில்லை. லெவல் 1-இல் தோற்பவர்கள் பலர் இதில்தான் தோற்கிறார்கள். உச்சியில் வெடிக்கும் மருந்து கூம்பை முன்னே தள்ளுவதைப் போலவே மோட்டாரைப் பின்னே தள்ளுகிறது. எது எளிதில் கழல்கிறதோ அது கழலும். மோட்டார் வெளியே விழுந்தால் பாராசூட் உள்ளேயே இருக்கும். ராக்கெட் எப்படியோ பத்திரமாக இறங்கினாலும், மோட்டார் உறை விழுந்துவிட்டால் சான்றிதழ் கிடையாது. மரை உள்ள அலுமினிய ரிட்டெய்னர் ஒன்றை எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுங்கள்.

இப்போது மோட்டார். கைக்கணக்கு ஒன்று: தொடக்க உந்துவிசை எடையைப் போல ஐந்து மடங்காவது வேண்டும். 1.8 கிலோவின் எடை 17.7 நியூட்டன், ஐந்து மடங்கு 88. ஏரோடெக்கின் எச்135 டபிள்யூ-14ஏ போன்ற ஒன்றை, 29 மில்லிமீட்டர் அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாம். அந்தப் பெயரில் 135 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 14 என்பது மோட்டார் அணைந்தபின் மருந்து வெடிக்க ஆகும் விநாடிகள். ஆளை ஏமாற்றும் எண் அதுதான்.

உங்கள் ராக்கெட்டின் பருமனுக்கும் எடைக்கும் நான் போட்ட தோராயக் கணக்கில், மோட்டார் அணைந்து ஏறக்குறைய 7 விநாடியில் 350 மீட்டர் உயரத்தில் உச்சி வருகிறது. 14-ஐ அப்படியே விட்டால் உச்சிக்குப் பிறகு இன்னும் 7 விநாடி தலைகீழாக விழும். அதற்குள் 200 மீட்டருக்கு மேல் இழந்து, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டியிருக்கும். அந்த வேகத்தில் பாராசூட் விரிந்தால் கயிறு அட்டைக் குழாயின் வாயை அறுத்துக்கொண்டு கீழே இறங்கும். ஜிப்பர் என்று வயலில் சொல்வது இதைத்தான். ஆகவே மோட்டாருக்குள் வெடிப்பைத் தள்ளிவைக்கும் தாமதக் குச்சியை அதற்கென்றே உள்ள கருவியால் துளைத்துக் குறைக்க வேண்டும். அது 14-இலிருந்து இரண்டிரண்டு விநாடிகளாக, அதிகபட்சம் 8 விநாடியைக் கழிக்கும். மிஞ்சும் தாமதம் 8 விநாடியா 6 விநாடியா என்ற நிலை வந்தால் நான் 6-ஐ எடுப்பேன். மோட்டார்களின் தாமதம் சொன்னதைவிடச் சற்று நீள்வதும் குறைவதும் சகஜம். உச்சிக்குச் சற்று முன்னால் வெடித்தால் ராக்கெட் மெதுவாகவே நகர்ந்துகொண்டிருக்கும். பின்னால் தள்ளிப்போகும் ஒவ்வொரு விநாடியும் வேகத்தைக் கூட்டும்.

என் கணக்கை நம்பிப் போக வேண்டாம். ஓப்பன் ராக்கெட் மென்பொருள் இலவசம், உங்கள் அளவுகளை அதில் போட்டுப் பாருங்கள். ஆனால் எடையை அது சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எபாக்ஸியும் பெயின்ட்டும் சேர்ந்த உண்மையான ராக்கெட்டைத் தராசில் வைத்து அந்த எண்ணைக் கொடுங்கள். மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்தபின் ராக்கெட்டை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, அது சமநிலையில் நிற்கும் புவியீர்ப்பு மையத்தைக் கண்டுபிடியுங்கள். அது, காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் காற்றழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டம், உங்களுக்கு 4 அங்குலம், முன்னால் இருக்க வேண்டும். பள்ளியில் போட்ட பழைய கோப்பை அப்படியே திறக்கும் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். அன்று மனதில் இருந்த மோட்டார் சிறியது. பெரிய மோட்டார் வாலில் ஏறினால் புவியீர்ப்பு மையம் பின்னே நகர்ந்துவிடும்.

ராக்கெட்டைத் தாங்கி வழிகாட்டும் ஏவு ரெயிலை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 15 மீட்டர் வேகம் இருக்கிறதா என்றும் ஓப்பன் ராக்கெட்டில் பாருங்கள். ஃபின்களுக்கு அந்தக் காற்று இருந்தால்தான் பிடிமானம். ராக்கெட்டில் ஏவு கம்பியில் கோக்கும் பழைய குழல் மாட்டி இருந்தால் எடுத்துவிட்டு, 1010 அளவு ரெயிலுக்கான பட்டன் இரண்டைத் திருகுங்கள். ஒன்று வாலுக்கு அருகில், ஒன்று புவியீர்ப்பு மையத்துக்கு அருகில். இக்னைட்டர் மோட்டாரின் துளைக்குள் மேல் முனை வரை போய் முட்ட வேண்டும். பாதியில் நின்றால் மோட்டார் ஒருமுறை புகைந்து அணையும், அல்லது ரெயிலிலிருந்து சோம்பலாகக் கிளம்பிச் சாயும்.

பாராசூட்டுக்கு, எரிபொருள் தீர்ந்தபின் 1.65 கிலோ என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 5.5 மீட்டரில் இறங்கச் சாதாரணத் தட்டையான பாராசூட் 1.2 மீட்டர் விட்டம் வேண்டும். வெப்பம் தாங்கும் நோமெக்ஸ் துணியில் பொட்டலம் போல மடித்து, துணிப்பக்கம் மோட்டாரைப் பார்க்க வையுங்கள்; இல்லாவிட்டால் சூடான வாயு நைலானை உருக்கிவிடும். 350 மீட்டரிலிருந்து இறங்க 64 விநாடி. காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்றால் 320 மீட்டர் தள்ளி விழும். நடந்துபோய் எடுத்துவரும் தூரம்.

லெவல் 2-க்கு வரும்போது இந்தக் கணக்கு கசக்கும். இதே ராக்கெட் சிறிய ஜே மோட்டாரில் ஏறக்குறைய 1,100 மீட்டர் போகும். உச்சியிலேயே பெரிய பாராசூட் விரிந்தால் 200 விநாடி மிதந்து, அதே காற்றில் ஒரு கிலோமீட்டர் போய்விடும். உயரத்தை அளந்து, குறித்த இடத்தில் மருந்தை வெடிக்கச் செய்யும் மின்னணு உயரமானி லெவல் 2-க்குக் கட்டாயமில்லை, ஆனாலும் நான் வேண்டும் என்றே சொல்வேன். உச்சியில் டிரோக் எனும் சின்னப் பாராசூட், 180 மீட்டரில் பெரிய பாராசூட் என்று இரண்டாகப் பிரித்தால் அதே பயணம் 375 மீட்டரில் முடியும்.

ஆனால் உயரமானி வந்ததும் கருமருந்தும் வருகிறது. வழக்கமான கணக்கு: விட்டத்தின் வர்க்கம், நீளம், 0.006 மூன்றையும் பெருக்க வேண்டும். அளவுகள் அங்குலத்தில், விடை கிராமில். 4 அங்குல விட்டம், 12 அங்குல அறை என்றால் 1.15 கிராம், மெல்லிய 4எஃப் தூளில். இது தொடக்க எண் மட்டும்தான். பறக்கும்போது இருப்பது போலவே பாராசூட்டை மடித்து, வெடிப்பில் அறுந்துபோகும் 2-56 நைலான் திருகுகளைப் போட்டு, கிளப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, தரையில் வெடித்துப் பார்க்க வேண்டும். கூம்பு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளிப் போக வேண்டும். சோம்பலாக நழுவி விழுந்தால் மருந்து போதாது. உயரமானி அறைக்கு 100 கன அங்குலத்துக்கு 1/4 அங்குலத் துளை ஒன்று என்பது வழக்கு. அதையே 1/8 அங்குலத் துளைகள் நான்காகச் சுற்றிலும் போடுங்கள், பரப்பு அதேதான். ஒரே துளை என்றால் பக்கக்காற்று நேராக அடித்து உயரமானியைக் குழப்பும். பழைய பேட்டரி எதையும் நம்ப வேண்டாம்; உப்பிய லித்தியம் பேட்டரியை ராக்கெட்டில் மட்டுமல்ல, அறையிலும் வைக்காதீர்கள்.

ஹாஸ்டலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோட்டாரும் கருமருந்தும் அறைக்குள் வரவே கூடாது. அம்மோனியம் பெர்குளோரேட் மோட்டார் எரிபொருள் 2009 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வெடிபொருள் பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் விடுதி விதி வேறு, தீயணைப்புத் துறையின் பார்வை வேறு. லாஞ்சுக்கு வரும் விற்பனையாளரிடம் முன்பே சொல்லி வைத்து, வயலிலேயே வாங்கி, வயலிலேயே எரித்துவிடுங்கள். தபாலில் வாங்கும்போது சேரும் ஆபத்துப்பொருள் கட்டணமும் மிச்சம். உறை, குழாய், மென்பொருள் மட்டும் அறையில் இருக்கட்டும். எபாக்ஸி வேலையைக் கல்லூரிப் பட்டறையில் செய்யுங்கள்.

ஒரே செமஸ்டரில் இரண்டு லெவலும் முடியுமா? காகிதத்தில் முடியும். ஆனால் உங்கள் பக்கத்து வயல்கள் மக்காச்சோளமும் சோயாவும் நிற்கும்போது கிடைக்காது. அறுவடைக்குப் பின், விதைப்புக்கு முன் என்றுதான் நாள் அமையும். மாதத்துக்கு ஒரு வார இறுதி. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் பறக்க முடியாது. மேகம் வானில் பாதிக்கு மேல் மூடினாலும் முடியாது. மூன்று லாஞ்ச் அறிவித்தால் ஒன்று நடந்தாலும் சந்தோஷப்பட வேண்டிய பருவங்கள் உண்டு. ஆகவே முதல் லாஞ்ச் தேதிக்கே லெவல் 1 ராக்கெட் தயாராக இருக்கட்டும். லெவல் 2 தேர்வுக்கான கேள்வித் தொகுப்பு பொதுவெளியில் இருக்கிறது, மழை நாளில் படித்துவிடுங்கள். லெவல் 1 முடிந்ததும் அதே ராக்கெட்டை ஐ மோட்டாரில், உயரமானி வைத்து, இரண்டு மூன்று முறை பறக்கவிடுங்கள். ஒருமுறையாவது இரண்டு பாராசூட்டும் சொன்ன உயரத்தில் விரிந்ததைப் பார்த்தபிறகு ஜே வாங்குங்கள். அது அடுத்த வசந்தத்துக்குத் தள்ளிப்போனால் போகட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, கராஜில் இருக்கும் அந்த ராக்கெட்டின் கூம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பது. ஊருக்குப் போக முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்