கீழே இறங்கி வராத அந்த அம்மா

கேள்வி: குரோம்பேட்டையில் எங்கள் குடியிருப்புக்கு 26 வயது ஆகிறது. மூன்று மாடி, 48 வீடுகள், லிஃப்ட் கிடையாது. 65 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் 31 பேர் இருக்கிறோம். பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். போன வருடம் கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி டிவி, கேரம் போர்டு, பேப்பர் எல்லாம் போட்டோம். ஐந்து ஆண்கள்தான் வருகிறார்கள். மூன்றாவது மாடியில் ஓர் அம்மா இரண்டு வருடமாகக் கீழேயே இறங்கவில்லை. இந்த ஆண்டு பெரியவர்களுக்காக 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எதில் செலவழித்தால் உருப்படியாக இருக்கும்?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், குரோம்பேட்டை

பதில் (முதியோர் நல மருத்துவர்):

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த மூன்றாவது மாடி அம்மாவிடம்தான் மனது நிற்கிறது. கேரம் ஆட வருகிற ஐந்து பேரும் நீங்கள் அறை கொடுக்காவிட்டாலும் ஒரு மரத்தடியிலோ டீக்கடையிலோ கூடிப் பேசிக்கொள்வார்கள். வராத 26 பேரை நினைத்துத்தான் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டும்.

ஆகவே கொட்டேஷன் வாங்குவதற்கு முன்னால் வீடு வீடாகப் போங்கள். பெண்களிடம் பேசப் பெண்களை அனுப்புங்கள். பொதுக்குழுவில் வாயே திறக்காதவர்கள் சமையலறை வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். “என்ன வசதி வேணும்?” என்று கேட்டால், “ஒண்ணும் வேண்டாம்ப்பா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றுதான் சொல்வார்கள். “கடைசியா எப்ப கீழே வந்தீங்க? அன்னிக்கு எது கஷ்டமா இருந்தது?” என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு இணக்கமான நகரங்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதைத் தயாரிக்க 33 நகரங்களில் முதியவர்களையே உட்காரவைத்துக் கேட்டார்கள். டெல்லியும் உதய்ப்பூரும் அவற்றில் உண்டு. கட்டடம், போக்குவரத்து, மருத்துவம் இவற்றுக்குச் சமமாக மரியாதையும் அதில் ஒரு தனித் தலைப்பாக வந்திருக்கிறது.

நீங்கள் போகிற வீடுகளில் ஒரு காரணத்தை மட்டும் பலரும் சொல்ல மாட்டார்கள். அதை நானே சொல்லிவிடுகிறேன்: சிறுநீர். வயதானால் அவசரமாக வருவதும் அடக்க முடியாமல் போவதும் சகஜம். பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இருமினாலே சொட்டிவிடும். ஆண்களுக்குப் புராஸ்டேட் தொல்லை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளே சிறுநீரை அதிகமாக்கும். மூன்று மாடி இறங்கி வந்த பிறகு அவசரம் வந்தால் மறுபடி மூன்று மாடி ஏற வேண்டும் என்றால் யார் இறங்குவார்கள்? என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பாட்டி, சொந்தப் பேத்தியின் ரிசப்ஷனுக்கே தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். உண்மைக் காரணத்தை என்னிடம் சொல்லவே அவருக்கு மூன்று முறை வர வேண்டியிருந்தது. பலருக்கு இதைச் சரிசெய்யலாம், மற்றவர்களுக்குக் கணிசமாகக் குறைக்கலாம். வயசானா அப்படித்தான் என்று யாரும் விட்டுவிடக் கூடாது.

முதல் செலவு, அந்த அறைக்குப் பக்கத்திலேயே ஒரு வெஸ்டர்ன் கழிவறை. சுவரில் உறுதியான கைப்பிடி, வழுக்காத சொரசொரப்புத் தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. அதை வாட்ச்மேனும் பயன்படுத்தட்டும். நம் ஊரில் வாட்ச்மேன்கள் நிறையப் பேர் 60ஐத் தாண்டியவர்கள்தான். உங்கள் கணக்கில் அவரைச் சேர்த்தீர்களா?

அடுத்தது படிக்கட்டு. பழைய குடியிருப்புகளில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கும். வலது முட்டி வலிக்கிறவர் ஏறும்போது பிடிக்கிற பக்கம் இறங்கும்போது மாறிவிடும் அல்லவா? அதனால் இரண்டு பக்கமும் வேண்டும், 80 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில், கடைசிப் படியைத் தாண்டியும் சற்று நீண்டு. எத்தனையோ பேர் “படி முடிஞ்சுதுன்னு நினைச்சேன் டாக்டர்” என்று சொல்லித்தான் கட்டோடு வருகிறார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். கண்புரை உள்ளவருக்கு ஒரே நிற கிரானைட் படிகள் எல்லாம் ஒரே சரிவாகத்தான் தெரியும். மாடித் திருப்பங்களில் சுவரோடு மடங்கும் இருக்கை வையுங்கள், வழியை அடைக்காத மாதிரி.

வாசல் சாய்தளத்தையும் பாருங்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் இருப்பது பைக் ஏற்றுவதற்காகப் போட்ட சரிவு. சக்கர நாற்காலியை அதில் இறக்கினால் ஆளோடு உருண்டுவிடும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் கணக்கு. இரண்டு படி உயரம், அதாவது 30 சென்டிமீட்டர் என்றால், 3.6 மீட்டர் நீளம் வேண்டும்.

உட்கார இடம் வேண்டும், அதுவும் கேட்டுக்குப் பக்கத்தில். நம் பழைய வீடுகளில் திண்ணை தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. தாத்தா அங்கே உட்கார்ந்திருந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள், அவர் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. நீங்கள் டிவியோடு உள்ளே ஒதுக்கிய அறையில் அது கிடைக்காது. 45 சென்டிமீட்டர் உயரத்தில், முதுகு சாயவும் கையை ஊன்றி எழவும் வசதியான இரண்டு பெஞ்சு போடுங்கள். காய்கறி வண்டியும் பள்ளி வேனும் நிற்கிற இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

இனி பைசா செலவில்லாத விஷயம். 31 பேருக்கும் இது மிக அவசியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியவரை என்னிடம் கொண்டுவந்தார்கள். மனைவி காலமான பிறகு தனியாக இருந்தவர். ராத்திரி பாத்ரூம் போய்த் திரும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மறுநாள் மதியம் வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். விடிகாலையில் போட்ட பால் பாக்கெட் அவர் கதவுக் கைப்பிடியில் மஞ்சள் பையில் தொங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். எலும்பைச் சரிசெய்துவிட்டோம். அத்தனை மணி நேரம் அசையாமல் கிடந்ததில் உடம்பில் நீர் வற்றி, அழுந்திய தசை சிதைந்து, சிறுநீரகம் கெட்டுப்போனதைச் சமாளிக்கத்தான் பெரும்பாடு பட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பதே தனி ஆபத்து.

தனியாகவோ தம்பதியாகவோ இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு காலை அடையாளத்தைச் சொல்லட்டும். பால் பை உள்ளே போவது, வாசலில் கோலம், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம், எதுவானாலும் சரி. ஒன்பது மணிக்குள் அது நடக்கவில்லை என்றால் எதிர்வீட்டுக்காரர் பெல் அடிக்க வேண்டும். சாவி ஒன்றை அவர்கள் நம்புகிறவரிடம் கொடுத்து வைக்கட்டும். யாரிடம் என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும், சங்கம் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் ராத்திரி உள்ளே மேல் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அந்தச் சாவியால் ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து சாவியால் திறக்கக் கூடிய பூட்டை மாட்டிக்கொண்டு தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லுங்கள். தனியாக இருப்பவர் பாத்ரூமுக்கும் தாழ்ப்பாள் போட வேண்டாம்.

மாத்திரைப் பட்டியல், மருத்துவர் பெயர், பிள்ளைகளின் எண், 108 இவற்றை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டுங்கள். சங்கத்துக்கு என்று ஒரு சக்கர நாற்காலி வாங்கி, மூன்றாவது மாடியிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஆளை இறக்குவது எப்படி என்று ஒருநாள் பழகிப் பாருங்கள்.

ஞாபக மறதி நோய் உள்ளவர் ஒருவராவது அங்கே இருப்பார். குடும்பம் வெளியே சொல்லாமல் இருக்கலாம். அவர் கேட்டைத் தாண்டினால் வாட்ச்மேன் அதட்டித் தடுக்கக் கூடாது. “வாங்க சார், நானும் அந்தப் பக்கம்தான்” என்று கூடவே நாலடி நடந்து திருப்பி அழைத்து வர வேண்டும். இதை வாட்ச்மேனுக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள்.

அரசு வசதிகளைச் சங்கம் ஒரே இடத்தில் ஒருங்கிணைத்தால் பலர் அலைச்சல் மிச்சம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. ஓய்வூதிய உயிர்வாழ் சான்றை தபால்காரரே வீட்டில் வைத்துப் பதிவு செய்வார். சென்னை மாநகரப் பேருந்தில் 60 தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. ஒரு வீட்டில் பெரியவரைத் திட்டுவதும் பட்டினி போடுவதும் காதில் விழுந்தால், குடும்ப விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். 14567 முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம்.

லிஃப்டுக்கு 2 லட்சம் போதாது. இன்ஜினியர், அனுமதி, எல்லார் சம்மதம் என்று வருடக்கணக்காகும். ஆனால் பேச்சை இப்போதே எடுங்கள். 2031இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் 60ஐக் கடந்திருப்பார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. இன்று தாவி ஏறுகிற, அறுபதை நெருங்குகிறவர்களும் அதில் அடக்கம். அதுவரை, கீழ்த்தளத்தில் ஒரு வீடு வாடகைக்குக் காலியானால் முதல் தகவல் மேல்மாடி முதியவர்களுக்குப் போகட்டும். தங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுக் கீழே குடிவர அவர்களில் சிலர் சம்மதிப்பார்கள்.

பொன்னாடை போர்த்துகிற விழாவுக்கு இந்தப் பணத்தில் கை வைக்க வேண்டாம். அதற்குப் பதில் அவர்களிடம் வேலை கேளுங்கள். கணக்குப் பார்த்துப் பழகிய ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் சங்கக் கணக்கைச் சரிபார்க்கட்டும். ஊறுகாய் போடத் தெரிந்த பாட்டியிடம் இளம் பெண்கள் போய்க் கற்றுக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு அந்த மூன்றாவது மாடிக்குப் போங்கள். அவர் காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்து குடியுங்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் சற்று வெளியே வந்து நில்லுங்கள். கடைசியாகக் கீழே இறங்கிய அன்று என்ன நடந்தது என்று உங்கள் வீட்டு அம்மா அவரிடம் கேட்கட்டும்.