இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பணம் சம்பளத்தில் 70 சதவீதம்தான் வந்ததா?

90 வர வேண்டும். தம்பிக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு நேரத்தில் பிரஸ் மிஷினில் விரல் நசுங்கியது என்கிறீர்கள்; அது 70 தரும் நோய்க்கால உதவி அல்ல, வேலையில் பட்ட காயத்துக்கான தற்காலிக ஊன உதவி. காய்ச்சலுக்கு இருக்கிற 91 நாள் வரம்பும் இதற்குக் கிடையாது.

கம்பெனி விபத்து அறிக்கையை (படிவம் 12) அனுப்பாமல் விட்டிருக்கும், அதனால் நோய்க்கால உதவியாகப் போட்டிருப்பார்கள். எச்ஆரிடம் நகல் கேளுங்கள். "அதெல்லாம் அனுப்பியாச்சு" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். நகல் வரவில்லையா, கடலூர் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். விபத்து நடந்த தேதி, நேரம், அப்போது பக்கத்து மிஷினில் நின்றவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும்.

இஎஸ்ஐ இருப்பதால் கம்பெனியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. விரல் மடங்காமலே போய்விட்டால் மருத்துவக் குழு முன் போக வேண்டும், அது நிரந்தர ஊனத்துக்கான வேறு கணக்கு.