மோஜோ என்ற டிவி வில்லன்: கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட ஆள் மார்வெல் காமிக்ஸின் மோஜோ. டிவி நிகழ்ச்சி நடத்துகிறவனே வில்லன். விதவிதமான கருவிகள்தான் அவனுடைய ஆயுதம்.

கேள்வி: அண்ணா, நான் எக்ஸ்-மென் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்தின் படங்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். யார் இந்த மோஜோ?

பதில்: 1985-இல் தொடங்கிய 'லாங்ஷாட்' என்ற ஆறு இதழ்த் தொடரில், மூன்றாவது இதழில் அறிமுகமானவன். எழுதியவர் ஆன் நோசென்டி, வரைந்தவர் ஆர்தர் ஆடம்ஸ். வேறொரு பரிமாணத்தின் சர்வாதிகாரி. அங்கே அரசியலே டிவிதான். ரேட்டிங் ஏறினால் ராஜா, இறங்கினால் நாற்காலி ஆட்டம் காணும். தயாரிப்பாளர், இயக்குநர், தொகுப்பாளர் எல்லாம் அவனே. முதுகெலும்பில்லாத இனம் என்பதால் அந்தப் பெருத்த உடம்பை உலோகக் கால்கள் முளைத்த ஒரு மேடை சுமந்து நடக்கும். ஆடம்ஸ் வரைந்த முகத்தை உற்றுப் பாருங்கள். இமைகளைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். கண்ணை மூடவே முடியாத ஒருவன்!

கேள்வி: கருவிகளையெல்லாம் அவனே செய்கிறானா சார்?

பதில்: பெரும்பாலும் இல்லை, செய்ய வைக்கிறான். அரைஸ் என்ற விஞ்ஞானி இருக்கிறார், ஆறு கைகள் கொண்ட ஸ்பைரல் இருக்கிறாள். மனித உடம்பைப் பிரித்து இயந்திர உறுப்புகளை மாட்டும் பட்டறையே அவளிடம் உண்டு. இவன் "எனக்கு இப்படி ஒன்று வேண்டும்" என்பான், அவ்வளவுதான்.

கேள்வி: அவனிடம் இருப்பதிலேயே பயங்கரமான கருவி எது?

பதில்: சந்தேகமே இல்லாமல் பெட்ஸி பிராடக் என்ற பெண்ணின் கண்கள். பின்னால் சைலாக் என்று பெயரெடுத்தவள். ஸ்லேமாஸ்டர் என்ற கொலைகாரன் அவள் கண்களைப் பறித்துவிடுகிறான். மோஜோ அவளைக் கடத்திப்போய் இயந்திரக் கண்கள் பொருத்துகிறான். 1986-இல் வந்த 'நியூ மியூட்டன்ட்ஸ்' ஆண்டு மலர் 2-இல் இந்தக் கதை இருக்கிறது. எழுத்து கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியம் ஆலன் டேவிஸ். பெட்ஸிக்குப் பார்வை திரும்புகிறது, எக்ஸ்-மென்னில் சேருகிறாள். ஆனால் அந்தக் கண்களே கேமரா. அவள் பார்ப்பதெல்லாம் அவளுக்கே தெரியாமல் மோஜோவின் உலகுக்குப் போகிறது. நண்பர்கள் சண்டை போடுவதும் சோர்ந்து உட்கார்வதும் அங்கே நிகழ்ச்சி. எவனோ பறித்ததை இவன் திருப்பிக் கொடுக்கிறான். அதற்கு விலை அவளைச் சுற்றியிருக்கும் எல்லோருடைய அந்தரங்கமும். துப்பாக்கியும் லேசரும் வைத்திருக்கும் வில்லன்களுக்குப் பஞ்சமில்லை. கருவியும் நிகழ்ச்சியும் ஒன்றே ஆகிவிடும் இடம் இதுதான். மோஜோவை நான் முதல் வரிசையில் வைப்பது இதற்காகத்தான்.

கேள்வி: 1985-லேயே இதையெல்லாம் எப்படி யோசித்தார்கள்?

பதில்: நோசென்டி அப்போது மார்ஷல் மக்லூகன், நோம் சாம்ஸ்கி, வால்டர் லிப்மன் போன்று ஊடகங்களை ஆராய்ந்து எழுதியவர்களைத் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தார். ஊடகம் மக்களின் மனத்தை எப்படி வளைக்கிறது என்ற கேள்வி அவரைக் குடைந்தது. அதற்கு உடம்பு கொடுத்தால் மோஜோ.

கேள்வி: மார்வெலின் போட்டி நிறுவனமான டிசி காமிக்ஸில் இந்த மாதிரி ஆள் உண்டா?

பதில்: குளோரியஸ் காட்ஃப்ரே. 1971-இல் ஜாக் கிர்பி படைத்தவர். மதப் பிரசாரகர் பில்லி கிரஹாமை மனத்தில் வைத்து உருவாக்கியது. காட்ஃப்ரேயின் பேச்சைக் கேட்டு மயங்கியவர்கள் தாங்களாகவே ஒரு தலைக்கவசத்தை மாட்டிக்கொள்வார்கள், அதோடு சொந்த யோசனை போச்சு. 1986-87-இல் வந்த 'லெஜண்ட்ஸ்' தொடரில் டிவியில் பேசியே மக்களை சூப்பர்ஹீரோக்களுக்கு எதிராகத் திருப்புகிறார். கடைசியில் கூட்டத்தின் நடுவே ஒரு சிறுமியை அறைகிறார், அந்த நொடியே மயக்கம் கலைகிறது. நல்ல கட்டம். ஆனாலும் காட்ஃப்ரேக்குக் குரலே போதும், கவசம் இல்லாமலும் கதை நடக்கும்.

கேள்வி: பத்து வயதுப் பையனுக்கு எதை வாங்கித் தரலாம்?

பதில்: 'அன்கேனி எக்ஸ்-மென்' ஆண்டு மலர் 12, 1988. எக்ஸ்-மென் செத்துவிட்டதாக நினைத்து, ரேட்டிங்கைக் காப்பாற்ற அவர்களைப் போலவே குட்டிப் பிள்ளைகளை மோஜோ தயாரிக்கும் கதை. கலகலப்பாக இருக்கும். 'லாங்ஷாட்' இப்போது வேண்டாம், அடிமைத்தனமும் சித்திரவதையும் வரும். அதை முதலில் நீங்கள் படியுங்கள்.