விலா தெரியும் காகிதக் கப்பல்

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். தரம் எட்டில் படிக்கும் மகளுக்காக ‘எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி’ என்ற பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலைக் காகிதத்தில் கட்டத் தொடங்கினேன். அவள் எப்போதோ விட்டுவிட்டாள், நான் விடவில்லை. 1:100 அளவு. ஏரா என்னும் அடிக்கட்டையையும் வங்குகள் என்னும் விலாச்சட்டங்களையும் மட்டையில் வெட்டி நிறுத்தி, மேலே பிறிஸ்டல் போட் என்ற தடித்த தாளை ஒட்டினேன். காய்ந்த பிறகு வங்குகள் பட்டினி மாட்டின் விலாபோலத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. மழை தொடங்கியதும் இன்னும் மோசம். மரத்துக்கு மாறிவிடவா? அதோடு, “எங்களை ஆண்டவனின் போர்க்கப்பலை ஏன் கட்டுகிறாய்?” என்று மச்சான் வேறு கேட்கிறார்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மரத்துக்கு மாற வேண்டாம். செலவுதான் கூடும், வங்குகளைச் சீராக்காமல் பலகை ஒட்டினால் மரத்திலும் மேடுபள்ளம் தெரியும்.

நீங்கள் பூசியது பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை என்று நினைக்கிறேன். அதிலுள்ள தண்ணீரைக் குடித்துக் காகிதம் விரியும். விரிந்த நிலையிலேயே ஒட்டிவிடுகிறோம். காயும்போது அது சுருங்கி, இரண்டு வங்குகளுக்கு நடுவே உள்ளே இழுபடும். விலா தெரிவது அதனால்தான்.

இன்னொன்று, நார் ஓடும் திசை. தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் லேசாகச் சுருளும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். லேசாகச் சுருளும்போது கிடைக்கும் உருளையின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. ஈரத்தில் காகிதம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். நீளவாக்கில் மிகக் குறைவு. ஆகவே நார் அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை ஓடும்படி தாளை வெட்டுங்கள். வயிற்று வளைவுக்கும் இணங்கும், வங்குகளுக்கு நடுவே சுருங்குவதும் குறையும்.

இதுவரை ஒட்டிய தோலை உரித்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். வங்குகளுக்கு இடையில் மட்டைத் துண்டுகளை அடைத்து, சாண்ட் பேப்பரால் தேய்த்து உடம்பை ஒரே வளைவாக்குங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) அடைத்தால் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். அடுத்ததாக நீங்கள் பூசப்போவது செருப்புக்கு ஒட்டும் பசை. அது ரெஜிபோமைக் கரைத்துக் குடித்துவிடும். இந்தப் பசையில் தண்ணீர் இல்லை என்பதால்தான் அதைச் சொல்கிறேன். மெல்லிய தாளால் ஒரு தோல் போட்டு, அதன்மேல் சுமார் 3 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளைப் பலகைகளாக ஒட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும். அணியத்தில் கீற்றின் நுனியை ஒடுக்கி வெட்டுங்கள். காகிதம் ஒரு திசையில்தான் வளையும். ஒரே தாளை இரண்டு திசையிலும் வளைக்கப் போனால் மடிப்பு விழும். கடைசியில் உள்ளும் புறமும் வார்னிஷ். ஒரு பக்கம் மட்டும் பூசினால் திருகோணமலை மழைக்காலத்தில் அது சுருண்டுவிடும்.

உரிக்க மனசே இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கடற்படைக்குச் செய்த மாதிரிக் கப்பல்கள் பலவற்றில் கீழ்ப்பாதிக்குப் பலகை அடிக்காமல் வங்குகளைத் திறந்தே விட்டிருப்பார்கள். பாய்மரம்கூடப் பலவற்றில் இல்லை. ஆனால் அங்கே நெருக்கமாக நின்றவை கப்பல் வங்குகளின் சாயல். உங்களுடையவை தள்ளித் தள்ளி நிற்கும் தாங்கு மட்டைகள். நான் என்றால் உரித்துவிடுவேன்.

சரி, மச்சானிடம் வருவோம். கப்பல் பிரிட்டிஷ் கடற்படையுடையதுதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் வடிவம் 1782இல் பிடிபட்ட ‘ஹெபே’ என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து எடுத்தது. மரம் மலபார்த் தேக்கு. கட்டியது பம்பாயில், பார்சிகளான வாடியா குடும்பத்தின் கையில். இலண்டனிலிருந்து பம்பாய்க்கு அனுப்பிய முதல் வரைபடங்கள் ‘ஜாவா’ கப்பலோடு போயின. 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அதை அடித்து வீழ்த்தியது. மறுபடி வரைபடம் அனுப்பி, ஒருவழியாக 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். அதற்குள் நெப்போலியனோடு நடந்த போரே முடிந்துவிட்டது! இன்று எங்கள் ஊர்ப் பெயரோடு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. இவ்வளவும் கேட்ட பிறகும் மச்சான் முறைத்தால், அடுத்ததாக வல்வெட்டித்துறை ‘அன்னபூரணி’யைக் கட்டுவதாகச் சொல்லுங்கள். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய் விரித்துப் போன கப்பல். அதற்கு இரண்டே பாய்மரம், உங்களுக்கும் வேலை குறைவு.

பாய்மரங்களுக்குக் காகிதத்தை இறுக்கிச் சுருட்டினால் போதும், நல்ல பலம். மேலே போகப் போக மெலியும் நுனிப்பகுதிக்குத் தென்னை ஈர்க்கைப் பாருங்கள்; அது தானாகவே ஒடுங்கி வரும், சீவ வேண்டியதில்லை. கயிறுகளுக்குப் பருத்தி நூல் வேண்டாம். அது ஈரத்தில் இறுகும், வெயிலில் தளரும். இறுகும்போது மெல்லிய நுனிமரத்தை வளைத்துவிடும். பொலியெஸ்டர் தையல் நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணா