வாசகர் கேள்வி: பாட்டு வருது, ஆள் வரலையே!

கேள்வி: கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 99 விளையாட்டைப் பழைய எமுலேட்டர் (விளையாட்டு இயந்திரத்தைப்போல் கணினியை இயங்கவைக்கும் மென்பொருள்) ஒன்றில் போட்டேன். இசை அருமையாகக் கேட்கிறது. ஆனால் சண்டைக்காரர்கள் நிற்கவேண்டிய இடத்தில் கலர் கலராகக் கட்டங்கள்தான் தெரிகின்றன. நண்பன் டிகிரிப்ட் செய்த, அதாவது பூட்டைத் திறந்த ரோம் (விளையாட்டுச் சிப்பின் நகல் கோப்பு) கொடுத்தான். அதில் படம் வருகிறது, ஆனால் மேம் என்ற இன்னொரு எமுலேட்டரில் போட்டால் கோப்பைக் காணோம் என்கிறது. எது சரியான ரோம்?
- ஈரோடு வாசகர்

பதில்: இரண்டும் சரிதான், எமுலேட்டர்தான் மாறிப்போயிருக்கிறது. இந்த விளையாட்டு ஓடும் நியோ ஜியோ இயந்திரத்தை எஸ்என்கே நிறுவனம் 1990-இல் கொண்டுவந்தபோது சிப்புகளில் பூட்டு எதுவும் இல்லை. கள்ளப் பிரதிகள் பெருகின. 1999-இல் இந்த விளையாட்டிலிருந்துதான் படங்கள் இருக்கும் சி ரோம்களைக் குலைத்துவைக்க ஆரம்பித்தார்கள். பைட்டுகளின் மதிப்பும் மாறியிருக்கும், அவை இருக்கும் இடமும் மாறியிருக்கும். கார்ட்ரிட்ஜில் உள்ள சிஎம்சி என்ற சிப் ஓட ஓட அதைச் சரிசெய்து கொடுக்கும். உங்கள் பழைய எமுலேட்டருக்கு அந்த வேலை தெரியாது. அதனால் குலைந்த படத்தை அப்படியே திரையில் கொட்டுகிறது.

எது கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே எந்தப் பூட்டு திறக்கவில்லை என்று தெரிந்துவிடும். இசை ஓடுகிறது என்றால் நிரலுள்ள பி ரோம் நன்றாக இருக்கிறது. உருவங்கள் மட்டும் சிதறினால் சி ரோம். படம் சுத்தமாக வந்து ஒலி மட்டும் இல்லையென்றால் ஒலிக்கான நிரலுள்ள எம்1-ஐச் சந்தேகப்படுங்கள். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 2000 முதல் அதையும் பூட்டினார்கள். ஸ்கோரும் எழுத்துகளும் மட்டும் அலங்கோலமாக இருந்தால் எழுத்துகளின் படங்கள் உள்ள எஸ்1. பூட்டிய தொகுப்பில் எஸ்1 கோப்பே இருக்காது. அது சி ரோமின் கடைசிப் பகுதியிலிருந்து எடுக்கப்படுகிறது. இது தெரியாமல் வேறு எங்கிருந்தோ ஓர் எஸ்1-ஐக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிக் கலக்காதீர்கள்.

மேம், எஃப்பி நியோ ஆகிய இரண்டு எமுலேட்டர்களுக்கும் பூட்டிய அசல் தொகுப்பைக் கொடுங்கள். பக்கத்திலேயே நியோஜியோ.ஜிப் என்ற பயாஸ் (இயந்திரத்தின் அடிப்படை நிரல்) கோப்பும் இருக்கவேண்டும். திறக்கும் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். டிகிரிப்ட் செய்த கோப்பின் பெயரும், உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்ணான செக்சம்மும் வேறு என்பதால்தான் மேம் மறுக்கிறது. மேமின் -வெரிஃபைரோம்ஸ் கட்டளையை விளையாட்டின் பெயரோடு கொடுத்தால் எந்தக் கோப்பு இல்லை, எது தவறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்.

அப்படியென்றால் திறந்த ரோம் எதற்கு? சிறிய கருவிகளுக்காக. சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பியின் முதல் பதிப்பில் 32 எம்பி நினைவகம்தான். இந்த விளையாட்டின் படங்கள் மட்டுமே 64 எம்பி. முன்கூட்டியே கணினியில் திறந்து, துண்டு போட்டுக் கொடுத்தால்தான் ஓடும். அந்தத் தேவை நியாயமானது. ஆனாலும் சிப்பில் இருந்தது இருந்தபடியே உள்ள பிரதிதான் அசல். அதிலிருந்து திறந்த பிரதியை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அசலை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: மார்வெல் வெர்சஸ் கேப்காம் என் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் மேம் 2003-இல் ஓடுகிறது. அதே ஜிப்பைப் புது மேமில் போட்டால் கீ கோப்பு இல்லை என்கிறது. ரோம் கெட்டுவிட்டதா?
- காரைக்குடி வாசகர்

பதில்: கெடவில்லை. நடுவில் வரலாறு ஒன்று நடந்திருக்கிறது. இந்த விளையாட்டு கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 என்ற ஆர்கேட் பலகையில் வந்தது. அதில் 68000 செயலிக்கான கட்டளைகள் மட்டும் பூட்டப்பட்டிருக்கும். திறக்கும் சாவி, பேட்டரியில் உயிர்வாழும் நினைவகத்தில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும், பலகையும் செத்துவிடும். என் மேசையில் அந்தப் பலகை உள்ள சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கிறது, ஆசியப் பதிப்பு. அதன் 3.6 வோல்ட் பேட்டரியை அளக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் தானாகச் சாகும்படி வடிவமைத்ததை என்னால் இன்றுவரை ஏற்கமுடியவில்லை.

2001-இல் சிபிஎஸ்-2 ஷாக் என்ற ஆர்வலர் குழு உயிருள்ள பலகைகளைக் கொண்டே திறந்த கட்டளைகளை வெளியே எடுத்தது. அசலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எக்ஸ்ஓஆர் கோப்பாகத் தந்தார்கள். மேம் 2003 என்பது பழைய 0.78 பதிப்பு, அதற்கு அந்தக் கோப்புகள் வேண்டும். உங்கள் ஜிப்பில் பெயரில் எக்ஸ் சேர்ந்திருப்பவை அவைதான். 2007 ஜனவரியில் ஆண்ட்ரியாஸ் நைவ், நிகோலா சல்மோரியா இருவரும் பூட்டின் கணக்கையே உடைத்தார்கள். சாவி வெறும் 64 பிட்! அப்புறம் அந்தப் பெரிய கோப்புகளுக்கு வேலையில்லாமல் போனது. இன்றைய மேம் கேட்பது 20 பைட் உள்ள .கீ கோப்பு ஒன்றைத்தான். சாவி பொருந்தாவிட்டால் படம் சிதறாது, ஆட்டமே தொடங்காது. பூட்டியது கட்டளைகளை அல்லவா? ஆகவே ராஸ்பெரி பைக்குப் பழைய தொகுப்பு, கணினிக்குப் புதிய தொகுப்பு என்று இரண்டு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. 2016-இல் எடுவார்டோ குரூஸும் நண்பர்களும் சாவியைப் பலகையில் மறுபடி எழுதும் வழியை வெளியிட்டார்கள். செத்த பலகைகள் அசல் ரோமோடேயே எழுந்து நிற்கின்றன.

கேள்வி: முஸ்தபா கேம் போட்டால் டிஎல்-1425.பின் இல்லை என்கிறதே? பூட்டு திறந்த ரோம் தேடவேண்டுமா?
- மதுரை வாசகர்

பதில்: வேண்டாம். நம் ஊரில் முஸ்தபா என்று சொல்கிற கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் விளையாட்டில் ஒலியைக் கவனிக்கும் கபுகி இசட்80 செயலி பூட்டியதுதான், ஆனால் அதை மேமே திறந்துவிடும். நீங்கள் சொல்லும் கோப்பு க்யூசவுண்ட் ஒலிச் சிப்பின் உள்நிரல். கேள்வியே வேறு. அது க்யூசவுண்ட்_எச்எல்ஈ.ஜிப் என்ற தனித் தொகுப்பில் வரும். அதைப் பிரிக்காமல், டைனோ.ஜிப் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள்.